ருசி அறையின் நான்கு மூக்குகள்

சிகரெட் பிடிப்பதை வீட்டுக்குத் தெரியாமல் மறைக்கிறவர்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். மாடிப்படிக்கு அடியில் நின்று அவசர அவசரமாக நாலு இழுப்பு இழுத்து, வாயில் ஏலக்காயைப் போட்டு அடக்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு வீட்டுக்குள் நுழைவார்கள். சிகரெட் பிடிக்காததை ஆபீசுக்குத் தெரியாமல் மறைத்தவர், நமக்குத் தெரிந்து, மூக்கர் ஒருவர்தான். (இந்தக் கணக்கைப் பின்னால் கொஞ்சம் திருத்த வேண்டி வரும்.)

மூக்கர் ஒரு சிகரெட் கம்பெனியில் ருசிக் குழுவின் தலைவர். புதிதாக ஒரு கலவை தயாரானால் அது கடைக்குப் போவதற்கு முன் ருசி அறைக்கு வரும். அங்கே வட்டமாகப் போட்ட நாலு தடுப்புகளுக்குள் நாலு பேர் உட்கார்ந்து அதைப் பிடித்துப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். முப்பத்தொரு வருடமாக மூக்கர் அந்த முதல் தடுப்புக்குள் உட்கார்ந்து புகைத்திருக்கிறார். இலை எந்தக் கிடங்கில் எத்தனை மாதம் கிடந்தது என்று ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அப்போது வைத்த பெயர்தான் மூக்கர். பிறகு புகை படிந்து படிந்து அந்த மூக்கு வெறும் கண்ணாடி தாங்கியாகிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள், வீட்டுக்கு ஏறும் இரண்டு மாடிக்குள் மூன்று இடத்தில் நிற்க வேண்டி வந்தது. மனைவி அவரை நெஞ்சு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"சிகரெட் பிடிக்கறேன்."

"பழக்கத்தைக் கேக்கல. வேலையைக் கேட்டேன்."

"வேலையைத்தான் டாக்டர் சொன்னேன்."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். மருந்து எழுத ஒன்றும் இல்லை, இன்றைக்கே விட்டால் மாடி ஏறலாம், விடாவிட்டால் கீழ் வீடாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான் என்றார். பயம் மூக்கரை உலுக்கிவிட்டது. அன்றைக்கே விட்டார். மனைவி சமையலறைக் காலண்டரில் அன்றைய தேதியில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் அடுப்பைப் பற்றவைத்த கையோடு ஒரு பெருக்கல் குறி.

விடுவது கஷ்டமாகத்தான் இருந்தது. விட்டதை மறைப்பது அதைவிடக் கஷ்டம். ஏனென்றால் கம்பெனியில் விதி பதினொன்று என்று ஒன்று உண்டு. "ருசிக் குழு உறுப்பினர் தொடர்ந்து புகைபிடிக்கும் வழக்கம் உடையவராக இருத்தல் அவசியம். வழக்கம் தவறியவர் வேறு பணிக்கு மாற்றப்படுவார்." ஆறு வருடத்துக்கு முன் ஒருவர் அப்படி வழக்கம் தவறினார். அடித்தளத்தில் கிழிந்த அட்டைப்பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள அனுப்பினார்கள். அவர் பெட்டிகளைப் பார்க்கிறார். அவரை யாரும் பார்ப்பதில்லை. ருசிக் குழுவுக்கென்று கொடுத்த வீடும் போய்விடும். காற்று வரும் பால்கனி, அதில் மனைவி வளர்க்கும் பதினாறு தொட்டிச் செடிகள், எல்லாம் போய்விடும். மூக்கருக்கு ஓய்வு பெற மூன்று வருடம் பாக்கி.

ஆகவே மூக்கர் புகைக்கிறவராக நடிக்க ஆரம்பித்தார். கடுந்தேநீரில் இரண்டு விரலை ஊறவைத்து மஞ்சளாக்கிக்கொண்டார். சட்டைப் பையில் தீப்பெட்டி குலுங்கும். காலையில் பத்து நிமிடம் முன்னதாக வந்து, நடைபாதை மூலையில் இருக்கும் பெரிய ஆஷ்ட்ரேயிலிருந்து ஒரு சிட்டிகை சாம்பலை எடுத்துச் சட்டைக் கழுத்தில் பவுடர் மாதிரி தடவிக்கொள்வார். இடைவேளையில் புகைபிடிக்கிறவர்களுக்கென்று போட்டிருக்கும் கொட்டகைக்குப் போய் ஒன்றைப் பற்றவைத்துக் கையில் பிடித்துக்கொண்டு, விலைவாசியைத் திட்டி, நேரம் பார்த்து ஒரு இருமல் இருமி, அணைத்துவிட்டு வருவார். ருசி அறைத் தடுப்புக்குள் மாதிரி சிகரெட்டைப் பற்றவைத்துக் கிண்ணத்தில் படுக்கப்போட்டுவிடுவார். அது தன்னைத் தானே புகைத்துக்கொள்ளும்.

இரண்டாவது மாதத்தில் எதிர்பாராத ஒன்று நடந்தது. மூக்கு திரும்பி வந்தது.

ஒரு நாள் லிஃப்டில் நிற்கும்போது லிஃப்ட்காரர் எலுமிச்சை சோப்பில் குளித்திருப்பது தெரிந்தது. அடுத்த மாடியில் ஏறிய கணக்கர் நேற்றுச் சாப்பிட்ட பூண்டு தெரிந்தது. வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாளா என்று கூடத்திலிருந்தே சொன்னார். மனைவி முதலில் பூரித்துப் போனாள். "என்னங்க, பாலைக் கொஞ்சம் பாருங்க, நல்லா இருக்கா?" என்று எதற்கெடுத்தாலும் அவர் மூக்குக்கு அடியில் நீட்டினாள். அவள் புடவையில் பக்கத்து வீட்டு வாசனைத் திரவியம் மணப்பதை அவர் கண்டுபிடித்த அன்றைக்குத்தான் அந்தப் பெருமை கொஞ்சம் அடங்கியது. இரவல் கேட்டு அடித்துக்கொண்டாளாம்.

மூக்கு வந்ததால் ஆபீசில் ஒரு சங்கடம். கிண்ணத்தில் எரிகிற ஒவ்வொரு மாதிரியும் என்ன மணக்கிறது என்று இப்போது அவருக்கு உள்ளது உள்ளபடி தெரிந்தது. எரிந்த கயிறு, பழைய செருப்பு, மழையில் நனைந்த கோப்பு. இதை எழுத முடியுமா? எழுதினால், இத்தனை நாள் தெரியாதது இப்போது எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். ஆகவே அவர் தடுப்பின் இடுக்கு வழியாகப் பக்கத்துத் தடுப்பு நெட்டையன் என்ன மார்க் போடுகிறான் என்று பார்த்து அதையே போட்டுவந்தார். பெரும்பாலும் ஏழரை.

இந்த இடத்தில் அகராதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அகராதி என்பது கம்பெனியின் மேலாண்மை இயக்குநருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர். மனிதருக்கு ஒரு சிகரெட் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வராது. "முன்நாக்கில் ஒரு பணிவு, நடுநாக்கில் மாலை வெயில், பின்தொண்டையில் தேக்கு மரத்தின் கண்ணியம்" என்பார். இப்படி நூற்றுப் பன்னிரண்டு சொற்களைச் சேர்த்து "ருசிச் சொல் வழிகாட்டி" என்று பளபள அட்டையில் ஐயாயிரம் பிரதி அச்சடித்தார். ஐம்பது பிரதி போணியாயிற்று. மீதி வடக்குக் கிடங்கில் இலைப் பொதிகளுக்கு நடுவே மூட்டையாகக் கிடந்தது. ருசிக் குழுவின் நாலு பேர் மார்க்கும் மாதக்கணக்கில் ஒரு புள்ளிகூட மாறாமல் ஒத்துப்போவதைப் பார்த்து உச்சி குளிர்ந்து, போன மாதம் "ஒருமித்த நாக்கு" என்று ஒரு விருதும் கொடுத்தார். நாலு பேரும் மேடையேறி, ஆளுக்கொரு கேடயத்தை வாங்கிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்கினார்கள்.

அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை குழுவைக் கூப்பிட்டார். கம்பெனிக்கு நூறு வயதாகிறது. அதற்காக ஒரு நூற்றாண்டுச் சிகரெட் தயாராகியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஆறு விநியோகஸ்தர்கள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். அவர்கள் முன்னால் ருசிக் குழு அதைச் சோதித்துக் காட்ட வேண்டும். தடுப்பெல்லாம் எடுத்துவிட்டுக் கண்ணாடி அறை கட்டியாகிவிட்டது. மேலே விளக்கு. ஒவ்வொருவரும் மூன்று முழு இழுப்பு, நெஞ்சு நிறைய. "உங்கள் நெஞ்சுக்குள் புகை இறங்குவதை அவர்கள் தரிசிக்க வேண்டும்" என்று முடித்தார்.

 அது வெறும் மூன்று இழுப்பு இல்லை என்று மூக்கருக்குத் தெரியும். முப்பத்தொரு வருடப் பழக்கம் கதவுக்கு வெளியே செருப்பைக்கூடக் கழற்றாமல் காத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு இழுப்புக்குக் கதவைத் திறந்தால் போதும், உள்ளே வந்து காலை நீட்டிப் படுத்துவிடும். இழுக்காவிட்டால் அடித்தளம். இழுத்தால் நெஞ்சு டாக்டர்.

வெளியே வந்தபோது பக்கத்தில் நெட்டையன் நடந்துவந்தான். அவன் பெருமூச்சு விட்டான். அந்த மூச்சு மூக்கரின் மூக்கில் நேராக வந்து விழுந்தது. மூக்கர் அவன் கையைப் பிடித்து மாடிப்படித் திருப்பத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"எத்தனை நாளாச்சு?"

"எது அண்ணே?"

"நடிக்காதேப்பா. உன் வாயில வெறும் ஏலக்காய்தான் மணக்குது. புகை வாசனை சட்டைக் கழுத்துல மட்டும் இருக்கு. அதுவும் மூலை ஆஷ்ட்ரே சாம்பல்."

நெட்டையன் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு வருடம் ஆகிறது என்று ஒப்புக்கொண்டான். பிறகு சந்தேகம் வந்து நிமிர்ந்தான்.

"மூலை ஆஷ்ட்ரேன்னு எப்படிண்ணே கரெக்டா சொல்றீங்க?"

"நானும் அதுலேருந்துதான் எடுக்கறேன்."

"அதான் காலையில வந்து பாத்தா பாதிதான் இருக்கு. துப்புரவு அம்மாவைப் போய்த் திட்டினேனே."

படியில் யாரோ கனைத்தார்கள். அக்கா நின்றுகொண்டிருந்தாள். குழுவில் மூன்றாவது ஆள். கரகரத்த குரல், அவளைவிடப் பெரியவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், கூப்பிடாமல் தப்பித்தவர்கள் இல்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். இருவரும் கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி நின்றார்கள்.

"அட மூதேவிங்களா," என்றாள் அக்கா, மிகுந்த பிரியத்தோடு. "நான் விட்டு நாலு வருஷம் ஆகுது. நீங்கல்லாம் பிடிக்கறீங்களேன்னு நான் தினம் கொட்டகையில வந்து நின்னு கண்ணு எரிஞ்சு சாகறேன்."

நாலாவது ஆள் மாப்பிள்ளை. இலை கொள்முதல் அதிகாரியின் மருமகன் என்பதால் தொழிற்சாலை முழுவதற்கும் மாப்பிள்ளை. அவனைக் கூப்பிட்டு விசாரித்தபோது அவன் கண் கலங்கிவிட்டது. அவன் எப்போது விட்டான் என்று சொல்ல முடியவில்லை, ஏனென்றால் எப்போதும் தொட்டதே இல்லை. கல்யாணப் பேச்சில் மாமனார் "பையன் புகைப்பானா?" என்று கேட்டிருக்கிறார். வேறு எந்த வீட்டிலும் அதற்கு இல்லை என்று சொல்லித்தான் பெண்ணை வாங்க வேண்டும். இந்த வீட்டில் ஆமாம் என்று சொல்லி வாங்கியிருக்கிறார்கள். அன்றைக்கே வேலையும் கிடைத்துவிட்டது.

"அப்ப மார்க் எப்படிப்பா போட்டே?" என்று அக்கா கேட்டாள்.

மூக்கர் சாரைப் பார்த்துப் போட்டேன் என்றான். மூக்கர், நான் நெட்டையனைப் பார்த்துப் போட்டேன் என்றார். நெட்டையன், நான் அக்காவைப் பார்த்து என்றான். அக்கா கொஞ்சம் கூச்சப்பட்டாள். இளம் நாக்காயிற்றே, கூர்மையாக இருக்கும் என்று அவள் மாப்பிள்ளையைப் பார்த்துப் போட்டாளாம். நாலு பேரும் படியில் உட்கார்ந்து, அப்படியானால் முதல் மார்க்கை யார் போட்டது என்று யோசித்தார்கள். தெரியவில்லை. மாதக்கணக்கில் ஏழரை ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய், சுற்றிவந்து, கேடயமும் வாங்கியிருக்கிறது. முதலில் சிரித்தது நெட்டையன். அப்புறம் நால்வரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றது.

புகையை நெஞ்சுக்கு அனுப்பாமல் கன்னத்திலேயே அடக்கிவைக்கலாம் என்றான் மாப்பிள்ளை. ஆறு பேர் விளக்கடியில் மூக்குக்கு நேராக நிற்கும்போது அது நடக்காது என்றாள் அக்கா. அன்றைக்கு ஒட்டுமொத்தமாகக் காய்ச்சல் என்று சொல்லலாம் என்றான் நெட்டையன். ஒருமித்த நாக்கு சரி, ஒருமித்த காய்ச்சலை யாரும் நம்பமாட்டார்கள் என்று அதுவும் தள்ளுபடியாயிற்று.

வியாழக்கிழமை சாயங்காலம் மூக்கர் சமையலறை வாசலில் நின்று சுற்றிவளைத்து விஷயத்தைச் சொன்னார். ஒரே ஒரு நாள், மூன்றே மூன்று இழுப்பு, வீட்டுக்காகத்தான், உன் செடிக்காகத்தான் என்றார். மனைவி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"செடிமேல பழியைப் போடாதீங்க. அதுங்க எங்க கொண்டு வெச்சாலும் வளரும். நீங்க வளருவீங்களா?"

 அவள் கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எட்டு மாசமா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். உங்களுக்கு இது ஆகாதுன்னு விட்டுட்டீங்க. சரி. ஆனா ஊர்ல இருக்கறவங்களுக்கு நல்லா இருக்குன்னு தினம் ஏழரை மார்க் போட்டு அனுப்பறீங்களே, அவங்களுக்கெல்லாம் மாடி வீடு கிடையாதா?"

 முப்பத்தொரு வருடமாக மூக்கர் எழுதிய எந்த மார்க்கும் இதற்குப் பதிலாக இல்லை. அவள் காலண்டர் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த பேனாவை அவிழ்த்து அவர் சட்டைப் பையில், தீப்பெட்டிக்குப் பக்கத்தில் செருகினாள்.

"நாளைக்கு நீங்களே போட்டுக்குங்க. பெருக்கலா, முட்டையான்னு."

வெள்ளிக்கிழமை கண்ணாடி அறை கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஆறு விநியோகஸ்தர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த வெள்ளை முடிக்காரி அவர்களுக்குத் தலைவி. பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். அறையின் நடுவே மேடைமேல் ஒரு பெரிய இலைப் பொதி, சிவப்பு ரிப்பன் கட்டி, பூவெல்லாம் வைத்து. நூற்றாண்டுச் சிகரெட்டுக்கு இலை வந்தது இந்தப் பொதியிலிருந்துதான் என்று அகராதி அதைத் தடவிக்கொடுத்தார். வடக்குக் கிடங்கில் மூன்று வருடம் தவம் கிடந்த இலையாம்.

முதலில் அவரே ஒன்றைப் பற்றவைத்துக் கண்ணை மூடி இழுத்தார். ஆறு விநியோகஸ்தர்களும் ஆளுக்கொன்று பற்றவைத்தார்கள். அகராதி புகையை விட்டபடியே வழிகாட்டியின் முதல் மூன்று பக்கத்தையும் பாராமல் ஒப்பித்தார். மாலை வெயில் வந்தது, தேக்கு வந்தது, கடைசியில் "ஓர் அரண்மனை நூலகத்தின் மௌனம்" என்று முடித்தார். விநியோகஸ்தர்கள் தலையாட்டினார்கள். இப்போது குழுவின் முறை. விளக்கு மூக்கர்மேல் விழுந்தது.

மூக்கர் சிகரெட்டைப் பற்றவைத்தார். கை பழக்கத்தில் அதை உதட்டுக்குக் கொண்டுபோயிற்று. உதட்டுக்குப் போகிற வழியில் அது மூக்கைத் தாண்ட வேண்டியிருந்தது. மூக்கு அதை அங்கேயே நிறுத்திவிட்டது. இன்னொரு தரம் முகர்ந்தார். சந்தேகமே இல்லை. பையில் பேனா குத்தியது. அவர் சிகரெட்டைக் கிண்ணத்தில் வைத்தார்.

"இதை என்னால இழுக்க முடியாது சார்."

"ஏன்?" என்றார் அகராதி, சிரித்த முகத்தை மாற்றாமல்.

"எலி மூத்திரம்."

மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்து மூடினார். இது வழிகாட்டியில் எத்தனையாவது சொல் என்று அகராதியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். அகராதி பதில் சொல்வதற்குள் நெட்டையன் தன் சிகரெட்டை மூக்கிடம் பிடித்து, நனைந்த சாக்கும் இருக்கிறது என்றான். அக்கா முகர்ந்து, பூஞ்சை என்றாள். மாப்பிள்ளை நீண்ட நேரம் முகர்ந்தான். அவன் மூக்கு பிறந்ததிலிருந்து ஒரு நாளும் பழுதாகாத மூக்கு.

"குட்டி போட்டிருக்கு," என்றான்.

மொழிபெயர்ப்பாளர் இனி தாங்காது என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். ஆறு பேரும் கையிலிருந்த சிகரெட்டை வேறு கண்ணோடு பார்த்தார்கள். வெள்ளை முடிக்காரி எழுந்து வந்து, பொதியைப் பிரியுங்கள் என்று சைகை காட்டினாள். அகராதி ரிப்பன் அழகைப் பற்றி ஏதோ சொன்னார். அவள் தானே ரிப்பனை இழுத்தாள்.

பொதி மலர்ந்தது. நடுவிலிருந்து ஒரு தாய் எலி குதித்து, கண்ணாடிச் சுவரோரமாக ஒரு சுற்று ஓடி, அகராதியின் பளபளப்பான இரண்டு காலணிகளுக்கு நடுவே புகுந்து, கதவிடுக்கு வழியாகக் கம்பி நீட்டிவிட்டது. பொதிக்குள்ளே மெத்தென்று ஒரு கூடு. அதில் கண் திறக்காத ஏழு குட்டிகள். கூட்டைத் துணுக்குத் துணுக்காகக் கடித்த பளபளக் காகிதத்தால் கட்டியிருந்தது. வெள்ளை முடிக்காரி ஒரு துணுக்கை எடுத்து மொழிபெயர்ப்பாளரிடம் நீட்டினாள். அவர் படித்தார்: "நடுநாக்கில் மாலை." வெயிலை எலி தின்றிருந்தது. வழிகாட்டியை மனதார உபயோகித்த முதல் குடும்பம் அதுதான்.

சிரித்தடங்க வெகு நேரமாயிற்று. பிறகு அவள் மூக்கரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். நாங்கள் ஏழு பேர் இழுத்தோம், எங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் நாலு பேர் உதட்டில்கூட வைக்கவில்லை, எப்படித் தெரிந்தது?

மூக்கர் தன் மஞ்சள் விரல்களைப் பார்த்தார். வீட்டில் எலித் தொல்லை, அந்த வாசனை பழக்கம் என்று எதையாவது சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் எட்டு மாதமாக நடித்து நடித்து அலுத்துப்போயிருந்தது. பிடிக்காமல் இருப்பதை இனிமேலும் ஒளித்துச் செய்வது ஒரு வயசான ஆளுக்கு அழகில்லை என்று தோன்றியது.

"நான் சிகரெட்டை விட்டு இன்னிக்கு இருநூத்தி நாப்பத்தாறு நாள் ஆச்சு," என்றார்.

"எனக்கு ரெண்டு வருஷம்," என்றான் நெட்டையன். "நாலு," என்றாள் அக்கா. மாப்பிள்ளை, மாமனார் எங்கும் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டு, "எனக்கு முப்பத்திரண்டு வயசு," என்றான்.

அகராதியின் முகம் விதி பதினொன்று முழுவதையும் ஒரே நேரத்தில் வாசித்தது. மூக்கர் மனதுக்குள் அடித்தளத்துக்கு இறங்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் வெள்ளை முடிக்காரி கிட்டே வந்து நாலு பேர் கையையும் பிடித்துக் குலுக்கினாள். இந்தச் சரக்கு என் கிடங்குக்கு வந்திருந்தால் கப்பலோடு திருப்பியிருப்பேன், இப்படி நாலு மூக்கு வைத்திருக்கிற கம்பெனியை நான் பார்த்ததில்லை, இது யாருடைய யோசனை என்று கேட்டாள்.

அகராதியிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விழுந்த இடத்திலேயே சிம்மாசனம் போட்டு உட்காரத் தெரிந்தவர். மொழிபெயர்ப்பாளர் கேள்வியை முடிக்கக்கூட இல்லை.

"என்னுடையது," என்றார். "புகையற்ற புலனறி மதிப்பீடு. இரண்டு வருட ரகசிய ஆய்வு. இன்று உங்கள் முன் அரங்கேறியிருக்கிறது."

ஒரு வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. விதி பதினொன்று தலைகீழாக நின்றது. ருசிக் குழு உறுப்பினர் புகைபிடிக்காதவராக இருத்தல் அவசியம். வழக்கம் உடையவராகக் கண்டுபிடிக்கப்படுபவர் வேறு பணிக்கு மாற்றப்படுவார். குழுவின் தீர்ப்பே இறுதியானது, அதை மாற்ற மேலாண்மை இயக்குநருக்கும் அதிகாரமில்லை. கடைசி வரி கம்பீரமாக ஒலித்ததால் யோசிக்காமல் சேர்த்துவிட்டார். அதற்காக ஒரு மாநாட்டில் அவருக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள்.

புது விதியின்படி முதல் மாதிரி வந்த அன்று நாலு பேரும் கண்ணாடி அறையில் உட்கார்ந்தார்கள். சிகரெட் கிண்ணத்தில் எரிந்தது. இப்போது பார்த்து எழுத யாரும் இல்லை, தடுப்பும் இல்லை. இனிமேல் என்ன எழுதுவது என்று அக்கா கேட்டாள். மூக்கருக்குக் காய் நறுக்கிக்கொண்டு மனைவி கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது.

"மூக்குல படறதை எழுதுங்க. அவ்வளவுதான்."

எழுதினார்கள். எரிந்த கயிறு. பழைய செருப்பு. மூடிவைத்த கழிவறை. கீழே: நிராகரிக்கப்படுகிறது.

அடுத்த மாதிரியில் தேன் கலந்து அனுப்பினார்கள். தேன் தடவிய பழைய செருப்பு என்று எழுதினார்கள். புதினா போட்டு அனுப்பினார்கள். பல் தேய்த்த பழைய செருப்பு. நூற்றாண்டுச் சிகரெட் நூறாவது வருடத்தில் வரவில்லை, நூற்றொன்றிலும் வரவில்லை. அகராதியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தீர்ப்பைத் தள்ளினால் சுற்றறிக்கை தப்பாகும். சுற்றறிக்கை தப்பென்றால் பொன்னாடையைத் திருப்ப வேண்டும். பழைய சிகரெட்டுகள் கடையில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அதை நிறுத்த நாலு மூக்கு போதாது. ஆனால் புதிதாக ஒன்றுகூட அந்தக் கதவைத் தாண்டவில்லை. புகையிலையைக் கட்டுப்படுத்துகிறோம் என்று ஊரெல்லாம் கூட்டம் போட்டு, குளிர்ந்த அறையில் தீர்மானம் நிறைவேற்றுகிற பெரிய மனிதர்களுக்கு இந்த நாலு பேரைத் தெரியாது. தெரிந்திருந்தால் குழு அமைத்துக் கெடுத்திருப்பார்கள்.

மூக்கர் இப்போது இரண்டு மாடியையும் ஒரே மூச்சில் ஏறுகிறார். பெருக்கல் குறியை அவரே போடுகிறார். புதுக் காலண்டரும் பாதி நிறைந்துவிட்டது. விரலில் மஞ்சள் போய்விட்டது. தீப்பெட்டியை அடுப்பங்கரைக்குக் கொடுத்துவிட்டார். செடிகள் பதினெட்டு ஆகியிருக்கின்றன.

போன வாரம் பதினெட்டாவது மாதிரி வந்தது. வெளியே அகராதி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, கையில் ஒரு சிகரெட் புகைய, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி நின்றார். அவர் தலைக்குமேல் கதவில், அவரே கையெழுத்துப் போட்டு மாட்டிய பலகை: "புகைபிடிக்கக் கூடாது." மூக்கர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார். எழுந்து போய்க் கதவை ஒரு சாண் திறந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்," என்றார் மிகுந்த மரியாதையோடு. "நாத்தம் உள்ளே வருது. வேலை பாக்கணும்."